மலருக்குக் கேட்ட இரண்டு பக்கம்

1

வெம்பிளியிலிருந்து தர்ஷினி கூப்பிட்டாள். எங்கள் ஊர்ச் சங்கத்தின் லண்டன் கிளைக்கு இப்போது அவள்தான் செயலாளர். இங்கேயே பிறந்து வளர்ந்தவள். ஆனாலும் தமிழ் நன்றாகப் பேசுவாள், எழுதுவாள். சங்கத்தில் பாதிப் பேருக்கு அவளைக் கண்டால் பெருமை, மீதிப் பேருக்குத் தங்கள் பிள்ளைகளை நினைத்துப் பெருமூச்சு. நான் இரண்டாவது கூட்டம்.

“அங்கிள், செல்லத்துரை அங்கிள் கவுன்சிலரா வந்து பத்து வருஷமாகுது. பெரிசா ஒரு பாராட்டு விழா வைக்கிறம். மலரும் போடுறம். அவற்ற வாழ்க்கையை உங்களைப்போலத் தெரிஞ்ச ஆக்கள் வேற இல்லையாம். நீங்கள்தான் எழுதித் தரோணும்.”

“ஆர் சொன்னது?”

“அவர்தான் அங்கிள் சொன்னவர். ரெண்டு பக்கம் காணும்.”

தலைப்பைக்கூட அவர்களே வைத்துவிட்டார்கள். ‘செம்மண்ணிலிருந்து சபை மண்டபத்துக்கு’. அவள் அதை வாசித்துக் காட்டியபோது நான் குளிர்பெட்டிக் கதவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கவுன்சிலிலிருந்து வந்த கடிதத்தை அதில் ஒட்டி வைத்திருந்தேன். இருபது வருடமாக நான் பயிர் செய்த துண்டு நிலத்தை ஆறு மாதத்துக்குள் காலி செய்துவிடும்படி அதில் எழுதியிருந்தது. அந்த முடிவைச் சபையில் முன்மொழிந்தவர் கௌரவ கவுன்சிலர் செல்லத்துரை.

“ஓம் பிள்ளை, எழுதுறன்” என்று சொல்லிவிட்டேன். ஏன் ஓம் என்றேன் என்று என் மனைவி பவானி கேட்டாள். செல்லண்ணை கேட்டு நான் ஏலாது என்று சொல்லிப் பழக்கமில்லை. முப்பது வருடமாக வாய் அப்படித்தான் பழகிப்போயிருக்கிறது.

ஊரில் இருந்து இதை வாசிக்கிறவர்களே, அவருடைய படத்தைப் பத்திரிகையில் பார்த்து நீங்களும் பெருமைப்பட்டிருப்பீர்கள். நானும்தான் பட்டேன். அந்தப் படத்துக்குப் பின்னால் நடந்ததை உங்களுக்குச் சொல்லவேண்டும். நாங்கள் இருக்கும் பகுதியின் பெயரை எழுதமாட்டேன், தேம்ஸ் ஆற்றுக்குத் தெற்கே என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பொறாமையில் எழுதுகிறான் என்று சிலர் சொல்வார்கள். சொல்லட்டும்.

2

செல்லத்துரை நல்ல கமக்காரன். அதை ஒருவரும் மறுக்க ஏலாது. வெங்காயம், மிளகாய், புகையிலை என்று எதைத் தொட்டாலும் விளைந்தது. பத்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். எங்கள் தோட்டமும் அவருடைய தோட்டமும் ஒரே கிணற்றில் இறைத்தவை.

பங்குக் கிணற்றைப் பற்றி ஊரில் உள்ளவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். ஒரு கிணற்றில் நாலைந்து குடும்பத்துக்குப் பங்கு இருக்கும். ஒவ்வொரு குடும்பத்துக்கும் இறைப்பதற்கு ஒரு நாள். அதை முறை என்போம். உன் முறை நாளில் கிணறு உன்னுடையது. நீ வராவிட்டாலும் அந்தத் தண்ணீர் உன்னுடையதுதான், உன்னைக் கேட்காமல் வேறு ஒருவர் தொடமாட்டார். எங்கள் கிணற்றில் யாருக்கு எந்த நாள் என்பது ஒரு கடதாசியிலும் எழுதியிருக்கவில்லை. எல்லாம் வாய்ச்சொல்தான். ஆனால் முறை மாறி இறைத்தவனோடு ஊர் பேசாது.

எங்களுடைய முறை புதன்கிழமை. ஒரு கடும் வெயிற்காலத்தில் ஐயா ஆஸ்பத்திரியில் கிடந்தார். அம்மாவும் நானும் அவரோடு நின்றோம். இரண்டு புதன் தவறிவிட்டது. வெங்காயம் கருகியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வந்து பார்த்தால் பாத்தியெல்லாம் ஈரம். செல்லண்ணை தன்னுடைய பம்பை வைத்து, தன்னுடைய மண்ணெண்ணெயில் எங்களுக்கு இறைத்திருக்கிறார். மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விற்ற காலம் அது. அவருடைய மிளகாய்க் கன்று அன்று வாடிப்போய்த்தான் நின்றது. புதன்கிழமைத் தண்ணீரில் ஒரு வாளிகூடத் தன் பக்கம் திருப்பவில்லை.

ஐயா ஆஸ்பத்திரியால் வந்து அதைக் கேட்டு அழுதார். அவர் அழுததை நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். இதை நான் ஊர் நினைவில் உருகுவதற்காக எழுதவில்லை. பிறகு நான் செய்த மடத்தனத்துக்குக் காரணம் இதுதான் என்பதால் எழுதுகிறேன்.

3

லண்டனுக்கு வந்தபோது பிளேஸ்டோவில் ஒரு அறையில் நாலு பேர் இருந்தோம். நான் எல்லாருக்கும் இளையவன், செல்லண்ணை மூத்தவர். அவர் பெற்றோல் நிலையத்தில் நின்றார், நான் சிவப்பு பஸ் ஓட்டப் பழகினேன். விசா விஷயமாக ஹோம் ஆபிஸ் கடிதம் வந்தால் நாலு பேரும் சேர்ந்து அகராதி வைத்து வாசிப்போம். அவருடைய ஆங்கிலம் அப்போது என்னுடையதைவிட மோசம். இப்போது சபையில் அவர் பேசுவதைக் கேட்டால் நம்பமாட்டீர்கள்.

கல்யாணம், குழந்தைகள் என்று ஆனபிறகு இரண்டு குடும்பமும் தெற்கே மாறினோம். அங்கேதான் அந்த அலொட்மென்ட் கிடைத்தது. கவுன்சில் தன் நிலத்தைச் சிறு துண்டுகளாக்கிக் காய்கறி போடத் தருவது. ரயில் பாதைக்கும் ஒரு பழைய பள்ளிக்கூட மதிலுக்கும் நடுவில் இருபத்திரண்டு துண்டுகள். எங்களுக்கு ஒன்று, அவருக்குப் பக்கத்தில் ஒன்று. களிமண். முதல் வருடம் வெங்காயம் கோலிக்குண்டு அளவில் வந்தது. செல்லண்ணை விடவில்லை. குதிரைச்சாணம் தேடி ஞாயிற்றுக்கிழமைகளில் காரில் அலைந்தோம். மூன்றாம் வருடம் மற்றத் துண்டுக்காரர்கள் வந்து நின்று பார்த்தார்கள்.

அந்த இருபத்திரண்டு துண்டுக்கும் ஒரே ஒரு தண்ணீர்க் குழாய். கோடையில் அந்தக் குழாயடியில் நடந்த சண்டை சொல்லி மாளாது. வெள்ளைக்காரர், ஜமேக்காக்காரர், போலந்துக்காரர், நாங்கள், எல்லாரும் ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்தோம். ஒருநாள் செல்லண்ணை எல்லாரையும் கூப்பிட்டு ஒரு வாளியைக் கவிழ்த்து அதன்மேல் ஏறி நின்றார். உடைந்த ஆங்கிலத்தில் எங்கள் கிணற்றுக் கதையைச் சொன்னார். பிறகு முறை போட்டார். இந்த நாலு பேருக்குத் திங்கள், இந்த நாலு பேருக்குச் செவ்வாய். யாராவது விடுமுறையில் போனால் பக்கத்துத் துண்டுக்காரர் அவருக்கும் சேர்த்து இறைக்கவேண்டும். அந்தக் கோடையோடு சண்டை நின்றது.

அதைப் பார்த்தவர் டெரெக். ஓய்வுபெற்ற தபால்காரர், எனக்கு அடுத்த துண்டு. அவர்தான் உள்ளூர்க் கட்சிக் கிளையில் போய், எங்கள் தோட்டத்தில் ஒரு மனிதர் இருக்கிறார், வந்து பாருங்கள் என்று சொன்னார். பார்த்தார்கள். அடுத்த தேர்தலில் செல்லண்ணை வேட்பாளர்.

நானும் அவரும் எத்தனை படி ஏறினோம்! தமிழ் வீடுகளில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு உள்ளே போய் இருந்து தேத்தண்ணி குடிக்காமல் வரமுடியாது. ஒரு பின்னேரத்தில் ஒன்பது தேத்தண்ணி. துண்டுப்பிரசுரத்தில் அவர் மண்வெட்டியோடு நிற்கும் படம், கீழே ‘உங்களில் ஒருவன், ஒரு விவசாயி’. அந்த வரியை எழுதினது நான். மண்வெட்டியும் என்னுடையது.

4

போன வருடம் தோட்ட வாசலில், மழை படாமல் பிளாஸ்டிக் உறைக்குள் வைத்து ஓர் அறிவித்தலைக் கட்டியிருந்தார்கள். இந்த நிலத்தில் வீடுகள் கட்டக் கவுன்சில் யோசிக்கிறது, ஆட்சேபனை உள்ளவர்கள் இன்ன வெள்ளிக்கிழமைக்கு முன் எழுத்தில் அறிவிக்கவும்.

மகள் அபி மான்செஸ்டரில் வேலை செய்கிறாள். வாரத்தில் ஒருநாள் பத்து நிமிடம் பேசுவாள். அப்பா, அம்மா என்ற இரண்டு சொல்லைத் தவிர மற்றதெல்லாம் ஆங்கிலம். ஆனால் விஷயத்தைச் சொன்னவுடன் அன்றைக்கே ஒரு பக்கத்தில் அருமையான கடிதம் எழுதி அனுப்பினாள். அதைக் கவுன்சில் இணையத்தளத்தில் ஏற்றும் வழியையும் படம் பிடித்து அனுப்பியிருந்தாள். “அப்பா, இரண்டே நிமிட வேலை” என்று ஆங்கிலத்தில் சொன்னாள்.

நான் ஏற்றவில்லை. அச்செடுத்தேன். இன்னொரு தாளில் இருபத்திரண்டு பேரிடமும், செல்லண்ணை கவுன்சிலரானபின் விட்ட துண்டை எடுத்தவரிடமும்கூட, கையெழுத்து வாங்கினேன். முதல் கையெழுத்து என்னுடையது. டெரெக் பதிவுத்தபாலில் அனுப்புவோம் என்றார். தானும் தனியாக ஒரு மின்னஞ்சல் போடப்போவதாகச் சொன்னார். நான் மறித்தேன்.

“நோ, நோ, டெரெக். ஹி இஸ் மை பிரதர். நான் அவருடைய கையிலேயே கொடுப்பேன்.”

ஒருவரை அண்ணை என்று முப்பது வருடம் கூப்பிட்டால் ஆங்கிலத்தில் அதை வேறு எப்படிச் சொல்வது? டெரெக் நாங்கள் கூடப்பிறந்தவர்கள் என்றே நினைத்துவிட்டார். அப்படியானால் சரி என்று விட்டுவிட்டார். மற்றவர்களுக்கும் நானே சொன்னேன், தனித்தனியாக எழுதவேண்டாம், எல்லாரும் சேர்ந்து ஒன்று கொடுத்தால்தான் பலம் என்று. உண்மையில் என் மனதில் இருந்தது வேறு. எங்கள் ஆள் உள்ளே இருக்கும்போது அலுவலகத்துக்கு எழுதினால் அவரை நம்பவில்லை என்று ஆகிவிடும். அது மரியாதை இல்லை. இந்தப் பிழையை எங்களைத் தவிர வேறு யாராவது விடுவார்களோ தெரியாது.

கடித உறையின்மேல் கவுன்சில் விலாசம்கூட எழுதவில்லை. ‘செல்லண்ணைக்கு’ என்று தமிழில் எழுதி ஒட்டிக் கொண்டுபோனேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிச் சுவாமிப் படத்துக்கு முன்னால் வைத்தார்.

“அண்ணை, இருபத்திரண்டு பேரும் கையெழுத்து வச்சிருக்கினம், முதல் கையெழுத்து என்ர. வெள்ளிக்கிழமை கடைசி நாள்.”

“தெரியும். நீ யோசியாதை. நான் பாக்கிறன்.”

கிணற்றடியில் அவர் சொன்ன சொல்லுக்கு மேலே நாங்கள் ஒன்றும் கேட்டதில்லை. நான் அன்று வீட்டுக்கு வந்து நிம்மதியாகத் தூங்கினேன்.

5

மாசிமாதக் குளிரில் அந்தக் காலி செய்யும் கடிதம் இருபத்திரண்டு பேருக்கும் ஒரே நாளில் வந்தது. நான் உடனே செல்லண்ணைக்கு எடுத்தேன். போன் போய்க்கொண்டே இருந்தது. இரண்டு கிழமையில் எத்தனை முறை எடுத்திருப்பேன் என்று தெரியாது. ஒருநாள் அவருடைய மனைவி எடுத்து, “அவர் மீட்டிங்கில தம்பி” என்றார். பின்னால் அவருடைய செருமல் கேட்டது.

அபிதான் சபையின் அறிக்கையை இணையத்தில் தேடி எடுத்தாள். நாற்பது பக்கத்துக்கு மேல். தொலைபேசியில் ஒரு வரியை எனக்கு வாசித்துக் காட்டினாள். தற்போதைய பயனாளர்களிடமிருந்து எழுத்துமூல ஆட்சேபனை எதுவும் கிடைக்கவில்லை. அதனால் முன்மொழிவு எதிர்ப்பின்றி ஏற்றுக்கொள்ளப்படுகிறது.

“அப்பா, நீங்கள் அனுப்பினீர்கள்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“குடுத்தனான்.”

“யாரிடம்?”

சொன்னேன். மெதுவாக, “அப்பா...” என்றாள். அவள் என்னைத் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். ஏதோ சின்னப் பிள்ளையைப் பார்த்து இரங்குகிற குரல் அது. என் பிள்ளை என்னிடமிருந்து எவ்வளவு தூரம் போய்விட்டாள் என்று நான் பலநாள் வருந்தியிருக்கிறேன். அவள் நின்ற இடம் சரி, தூரத்தில் நின்றது நான்தான் என்று அன்றைக்குப் பட்டது.

6

தர்ஷினி கேட்ட கட்டுரையை எழுத உட்கார்ந்தேன். இரண்டு நாள் ஒரு வரியும் வரவில்லை. மூன்றாம் நாள் சனிக்கிழமை காலையில் தோட்டத்துக்குப் போனால் வாசலில் செல்லண்ணையின் கார் நிற்கிறது. அவர் என்னுடைய வெங்காயப் பாத்திக்குள் நிற்கிறார். கோட்டு, பளபளக்கிற சப்பாத்து, கையில் என்னுடைய மண்வெட்டி. ஒரு படப்பிடிப்பாளர் முழங்காலில் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார். மலரின் அட்டைக்காம்.

“வா தம்பி, நல்ல நேரத்தில வந்தாய். நீயும் வந்து நில், சேர்ந்து எடுப்பம்.”

கோபம் வரும் என்று நினைத்திருந்தேன். எனக்கு வந்தது வெட்கம். அவருக்காக எனக்கு வெட்கமாக இருந்தது. படப்பிடிப்பாளரைக் கொஞ்சம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டுக் கேட்டேன்.

“அண்ணை, நான் தந்த கடிதம் எங்க?”

மண்வெட்டியை நிலத்தில் ஊன்றிக்கொண்டு அதையே பார்த்தார்.

“உனக்கு உந்த அரசியல் விளங்காது தம்பி. அந்தக் கடிதத்தில முதல் கையெழுத்து உன்ர. நீ என்ர ஆள் எண்டு அங்க எல்லாருக்கும் தெரியும். தன்ர ஊராக்களுக்காக வீட்டுத் திட்டத்தை மறிக்கிறான் எண்டு சொல்லியிருப்பினம். சபையில வீடமைப்புப் பொறுப்பையே என்னட்டத் தரப்போகினம் எண்டு கதை அடிபட்ட நேரம். அதுவும் போயிருக்கும்.”

“அப்ப கிடைச்சிட்டுதோ?”

“கிடைச்சிட்டுது.” தலையை நிமிர்த்தி, “இஞ்ச எத்தினை சனம் வீடில்லாமல் பிள்ளையளோட ஹொஸ்டல்ல கிடக்குது தெரியுமோ? நாலு வெங்காயத்துக்காக அவையை நடுறோட்டில விடச் சொல்லுறியோ?” என்றார்.

அது நியாயமான கேள்விதான். பிளேஸ்டோவில் ஓர் அறையில் நாலு பேராகக் கிடந்தவன் நான். வீடு வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது.

“அண்ணை, இதை எங்களுக்கு முன்னால வந்து சொல்லியிருக்கலாம். எங்கட கடிதத்தைக் குடுத்திட்டு, அதுக்கு எதிரா நீங்கள் கை உயர்த்தியிருக்கலாம். நான் உங்களோட சண்டை பிடிச்சிருப்பன். பிறகு வந்து கதைச்சிருப்பன். இது அப்பிடியில்லை. எங்கட முறையை நீங்கள் இறைச்சுப்போட்டியள்.”

அவருடைய முகம் மாறியது. இத்தனை வருடத்தில் கவுன்சிலர் என்றும் கௌரவ உறுப்பினர் என்றும் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாக அவரோடு பேசியிருப்பார்கள். இந்தச் சொல்லை அவரிடம் ஒருவரும் சொல்லியிருக்கமாட்டார்கள். மண்வெட்டியை என்னிடம் நீட்டினார். நான் வாங்கவில்லை. பாத்தி வரம்பில் சாய்த்து வைத்தார்.

“கடிதத்தைத் தாங்கோ” என்றேன்.

காருக்குப் போய் டிக்கியைத் திறந்து, துண்டுப்பிரசுரக் கட்டுகளுக்கு அடியிலிருந்து எடுத்துக்கொண்டு வந்தார். நான் ஒட்டினபடியே இருந்தது. உடைத்துக்கூடப் பார்க்கவில்லை.

“இந்தா, பத்திரமாத்தான் வச்சிருக்கிறன். நான் எறியேல்லைத்தானே” என்றார்.

அதைச் சொன்னபோது அவருடைய குரலில் உண்மையாகவே ஒரு நல்ல மனிதனின் மனத்தாங்கல் இருந்தது. ஐயாவுக்காக இறைத்த அதே ஆள்தான் இவர். வேறு ஆளாக மாறியிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது.

அவர் போனபிறகு டெரெக் தன் துண்டில் அவரைக்கொடிக்குத் தடி நட்டுக்கொண்டிருந்தார். இனி ஆறு மாதமும் இல்லை, ஆனாலும் நட்டார். நான் உறையைக் கொண்டுபோய்க் கொடுத்து நடந்ததைச் சொன்னேன். உங்கள் எல்லாரையும் எழுதவிடாமல் மறித்தது நான்தான், பிழை என்னுடையது என்றேன். செல்லண்ணை என் பிரதர் இல்லை என்றும் சொன்னேன். டெரெக் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முப்பத்தைந்து வருடம் கடிதம் கொண்டுபோன மனிதர்.

“முத்திரை இல்லை, விலாசம் இல்லை. என்னாலும் இதைக் கொண்டுபோய்ச் சேர்த்திருக்க முடியாது, நண்பா” என்றார்.

அதற்குப் பிறகும் மூலக் கடிதத்தைப் பதிவுத்தபாலில் கவுன்சிலுக்கு அனுப்பினார். காலம் கடந்துவிட்டது என்று இரண்டு வரியில் பதில் வந்தது. அனுப்புமுன் நூலகத்தில் எனக்கு ஒரு பிரதி எடுத்துத் தந்திருந்தார்.

7

போன ஞாயிற்றுக்கிழமை ஜூபிலி ரயில் எடுத்து வெம்பிளிக்குப் போனேன். தர்ஷினி வீட்டு மேசையில் மலருக்கான தாள்கள் பரவிக் கிடந்தன. அட்டைப்படம் மேலே இருந்தது. செல்லண்ணை சிரிக்கிறார், என்னுடைய மண்வெட்டி, என்னுடைய வெங்காயத் தாள். படம் நன்றாகத்தான் வந்திருந்தது.

டெரெக் எடுத்துத் தந்த பிரதியை ஓர் உறையில் போட்டு நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள். முதல் பக்கம் அபி எழுதிய கடிதம். இரண்டாம் பக்கம் இருபத்திரண்டு கையெழுத்து.

“அங்கிள், கட்டுரை எங்க?”

“இதுதான் பிள்ளை. ரெண்டு பக்கம் கேட்டனீங்கள். சரியா ரெண்டு பக்கம்.”

அவள் கெட்டிக்காரி. கடிதத்தையும் அதில் உள்ள திகதியையும் வாசித்தாள், பிறகு அட்டைப்படத்தைப் பார்த்தாள். நான் சுருக்கமாகச் சொன்னேன். அவளுடைய முகம் வாடிப்போனது. அந்தப் பிள்ளைக்கு இதைச் செய்யவேண்டி வந்ததுதான் எனக்குக் கவலை.

“செல்லத்துரை அங்கிளிட்ட ஒருக்காக் கேக்கோணும் அங்கிள். என்னால தனிய முடிவெடுக்க ஏலாது.”

“கேளுங்கோ. போடுறதும் விடுறதும் உங்கட விருப்பம்.”

எழும்பி வாசல்வரை வந்து சப்பாத்தைப் போட்டுவிட்டேன். பிறகு திரும்பவும் கழற்றிவிட்டு உள்ளே போனேன்.

“பிள்ளை, குறை நினைக்காதேங்கோ. இதை என்னட்ட வாங்கினது எண்டு ஒரு துண்டில எழுதி, திகதி போட்டுக் கையெழுத்து வச்சுத் தாங்கோ.”

அவள் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு எழுதித் தந்தாள். நான் அதை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ரயிலுக்கு நடந்தேன். இந்த நாட்டில் இத்தனை வருடத்தில் எங்கள் ஊர் ஆளிடம் நான் ரசீது கேட்டு வாங்கியது அதுதான் முதல் தடவை.